கருணைக்குக் கண் வேண்டும்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கே அழிவைக் கண்டாலும் அதற்குப் பின்னால் ஒரு கொடியவனைத் தேடுவான். காடு அழிந்ததா, மரத்தை விற்றுப் பணம் பண்ணியவன் ஒருவன் இருக்க வேண்டும். யானை செத்ததா, தந்தத்துக்கு ஆசைப்பட்டவன் ஒருவன் இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்கவும் செய்கிறான். ஆனால் நம் காலத்தில், நம் தேசத்தில் நடந்த பேரழிவு ஒன்றில் அப்படி ஒரு கொடியவனே இல்லை. பாறு என்று பழந்தமிழ் சொல்லும் பிணந்தின்னிக் கழுகின் கதை அது.

1980களில் வட இந்தியாவில் இந்தப் பறவை ஓர் அபூர்வப் பொருளே அல்ல. ஊர்ப்புறத்தில் செத்த மாட்டைப் போட்டால், கூட்டமாக வந்து இறங்கிச் சிறிது நேரத்தில் எலும்பை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போகும். 1990களில் பரத்பூர்ச் சரணாலயத்தில் அவை கழுத்துத் தொங்கி மரங்களில் உட்கார்ந்திருப்பதையும், ஒவ்வொன்றாய் விழுந்து சாவதையும் பறவை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துபோயிற்று. சுட்டவர் யாருமில்லை; வலை வைத்தவர் யாருமில்லை. கூடு கட்டும் மரங்களும் அப்படியே நின்றன.

காரணம் 2004இல் உலகுக்குத் தெரிந்தது. பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சியில் டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணி அகப்பட்டது. மனிதர்கள் மூட்டு வலிக்குச் சாப்பிடும் அதே மருந்துதான். மலிவாகக் கிடைத்ததால் மாட்டுக்கும் போடத் தொடங்கியிருந்தார்கள். மருந்து போட்ட சில நாட்களுக்குள் மாடு செத்து, அதைப் பாறு தின்றால், அதன் சிறுநீரகம் கெட்டுவிடும். உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளை உப்புப் படிந்து, பறவை சில நாட்களில் மடிந்துவிடும். நூறு மாடுகளில் ஒரு மாடு இப்படி இருந்தால்கூடப் போதும். ஒரு பிணத்தைச் சுற்றி எத்தனையோ பறவைகள் உட்கார்ந்து உண்ணும்; வருஷத்துக்கு ஒரே முட்டை இடுகிற இனம் அந்த நஷ்டத்தை எப்படி ஈடுசெய்யும்?

என்னை உறங்கவிடாத இடம் இதுதான். அந்த மருந்தை மாட்டுக்குப் போட்டவன் யார்? ஒரு குடியானவன். எதற்காகப் போட்டான்? பல வருஷம் உழைத்த மாடு கால் வீங்கி எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறது. அதைக் கசாப்புக்கு அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. சாகிற வரைக்கும் வலி இல்லாமலாவது இருக்கட்டும் என்று கையிலிருந்த காசைக் கொடுத்து ஊசி போடச் சொன்னான். அது கருணை. ஒரு வாயில்லா ஜீவனுக்காக ஏழை ஒருவன் செய்த சுத்தமான தர்மம். அந்தத் தர்மந்தான் ஓர் இனத்தையே வானத்திலிருந்து துடைத்தது.

நல்லெண்ணம் இருந்தால் போதும், விளைவை ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று நமக்குச் சிறுவயது முதல் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கதையைக் கேட்ட பின் அதை அப்படியே ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. அந்தக் குடியானவன் குற்றவாளி என்று நான் சொல்லமாட்டேன், அவனுக்குத் தெரியாது. தெரியாமல் செய்தவனுக்குப் பழி இல்லை. ஆனால் தெரிந்த பிறகு? அங்கேதான் தர்மசங்கடம் ஆரம்பமாகிறது.

2006இல் இந்தியாவும் நேபாளமும் பாகிஸ்தானும் இந்த மருந்தை மாட்டுக்குத் தயாரிக்கக் கூடாது என்று தடுத்தன. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து பறவைக்குத் தீங்கு செய்யாது என்பதும் அப்போதே நிரூபணமாயிற்று. ஆக, மாட்டின் வலியா, பறவையின் உயிரா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கொடுமைகூட நமக்கு நேரவில்லை. ஆனாலும் மனிதருக்கென்று தயாரித்த பெரிய புட்டிகள் மாட்டுக் கொட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தன. 2015இல் ஒரு புட்டியில் ஒரு வேளை மருந்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று மத்திய அரசு விதிக்க வேண்டியிருந்தது. மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிற அசிக்ளோஃபெனாக்கையும், கீட்டோப்ரோஃபெனையும் தடுக்க 2023 வரை ஆயிற்று. 2006க்கு முன் புட்டியை விற்றவனும் பின்னால் விற்றவனும் செய்த காரியம் ஒன்றே. ஆனால் முன்னவன் அறியாதவன். தெரிந்தே விற்ற பின்னவனை அப்படிச் சொல்ல முடியாது.

உலகம் இந்த விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. 1992இல் ரியோவில் உயிரினப் பன்மையைக் காக்க உடன்படிக்கை பிறந்தது. 2010இல் ஜப்பானில் 20 லட்சியங்களை வகுத்தார்கள். 2020இல் கணக்குப் பார்த்தபோது ஒன்றுகூட முழுமையாக நிறைவேறியிருக்கவில்லை. 2022இல் மான்ட்ரியாலில் மறுபடி கூடி, 2030க்குள் பூமியின் நிலத்திலும் கடலிலும் 30 சதவிகிதத்தைக் காப்பது என்று தீர்மானித்தார்கள். 2024இல் நிலத்தில் 17 சதவிகிதத்துக்குச் சற்று மேலும், கடலில் 8 சதவிகிதத்துக்குச் சற்று மேலும் காப்பில் இருந்தன. இதை நான் குறைவாக மதிக்கவில்லை. தோற்ற பிறகும் மறுபடி கூடி உட்கார்ந்து வாக்குக் கொடுப்பது மனித ஜாதிக்கு உள்ள ஒரு பெருமை.

ஆனால் பாறு எனக்குச் சொல்லுகிற பாடம் வேறு. அதன் கூடு காப்புக் காட்டுக்குள் இருக்கிறது. அதன் உணவோ மைல் கணக்கில் தள்ளி, ஏதோ ஒரு கிராமத்தின் எல்லையில் கிடக்கிறது. பரத்பூருக்கு வேலி இருந்தது, காவல் இருந்தது, உலகப் புகழ் இருந்தது. சாவு வேலியைத் தாண்டி வரவில்லை. பறவைதான் வேலியைத் தாண்டிப் போய் அதை உண்டு வந்தது. மான்ட்ரியால் வாக்கிலே விஷங்களைக் குறைப்பது பற்றியும் சொல்லியிருக்கிறது. ஆனால் எல்லோர் வாயிலும் நிற்பது முப்பது என்ற எண்தான். முப்பதைக் காடென்று ஒதுக்கிவிட்டால், மிச்சம் எழுபதில் என்ன செய்தாலும் கேள்வியில்லை என்ற நிம்மதி அதற்குள் ஒளிந்திருக்கிறது. கோயிலுக்குள் காட்டும் பக்தியைக் கடைத்தெருவில் மறந்துவிடுகிற மனிதனுடைய நிம்மதி அது.

பாறு போனதால் மனிதருக்கு என்ன நஷ்டம் என்றும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பிணங்கள் அழுகிக் கிடந்தன, நாய்கள் பெருகின, நீர் கெட்டது. 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் 5 லட்சம் பேர் அதிகமாக இறந்திருக்கக்கூடும் என்று 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. அதைப் படித்தபோது பயமாக இருந்தது. கூடவே ஒரு கேள்வியும் எழுந்தது. நாளைக்கு அந்த வேலையை ஓர் இயந்திரம் செய்துவிடுமானால், பாறு போனால் போகட்டும் என்று விட்டுவிடுவோமா? உபயோகம் என்பது காப்பதற்கு ஒரு காரணம். அது ஒன்றே காரணமானால் நாம் செய்வது வியாபாரம். ஜடாயு சீதையை மீட்டுத் தரவில்லை. போரிட்டுத் தோற்று விழுந்தான். இராமன் அவனுக்குத் தகப்பனுக்குச் செய்யும் கடனைச் செய்தான். வென்றாயா என்று கேட்டுவிட்டுச் செய்யவில்லை.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. நேபாளத்தில் மருந்துத் தடையைக் கண்டிப்பாக நடத்தி, நஞ்சில்லாத மாட்டுப் பிணங்களைப் பறவைக்கு இரையாகப் போட்டார்கள். கூண்டில் காத்த பாறுகளை 2017 முதல் வெளியில் விட்டார்கள். அங்கே எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கியது. இந்தியாவில் பழைய வேகத்தில் சரியவில்லை. ஆனால் பழைய கூட்டமும் திரும்பவில்லை. நம் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் சில பாறுகள் கூடு கட்டுகின்றன.

அவற்றின் ஆயுள் மான்ட்ரியாலில் போட்ட கையெழுத்தில் மட்டும் இல்லை. பக்கத்து ஊரில் நோயுற்ற மாட்டின் அருகே நிற்கிறவர், எந்தப் புட்டியைக் கையில் எடுக்கிறார் என்பதிலும் இருக்கிறது. அவரிடம் கருணைக்குக் குறைவில்லை. அந்தக் கருணை மாட்டோடு நின்றுவிடாமல், நாளைக்கு அந்த மாட்டின் மேல் வந்து இறங்கப்போகும் சிறகையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறோம். ஆனால் அது சிறிய காரியமல்ல. கண்ணுக்கு எதிரே துடிக்கிற உயிருக்கு இரங்க நெஞ்சு போதும். கண்ணுக்கு எட்டாத உயிருக்கு இரங்க அறிவும் வேண்டும்.