மூன்று மாதம் கழித்து வாங்க

ஸ்கேனில் புற்றுநோயின் தடயம் எதுவும் இல்லை என்று ரிப்போட் வந்துவிட்டால், கேகாலை மாவட்டத்தின் தெஹியோவிட்டயைச் சுற்றியுள்ள றப்பர், தேயிலைத் தோட்டங்களில் அதற்கு ஒரே சொல்தான்: "சொகமாயிருச்சு." மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலிருந்து 122 பஸ்ஸில் அவிசாவளைக்கு வந்து, இன்னொரு பஸ் பிடித்து வீடு சேர்வதற்குள் செய்தி லயம் முழுக்கப் பரவியிருக்கும். மாரியம்மனுக்கு வைத்த நேர்த்தியை எப்போது முடிப்பது என்று பேச்சு தொடங்கியிருக்கும். மூன்று மாதம் கழித்து வரவேண்டும் என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதை அந்தச் சந்தோஷத்தில் யாரும் கவனிப்பதில்லை. நோயாளி மட்டும் அதை மறப்பதில்லை.

ரிப்போட் வரும்வரை பயம் எல்லோருக்கும் பொது. அடுத்த காம்பராக்காரரும் சேர்ந்தே பயந்தார். நல்ல ரிப்போட் வந்த பிறகு அந்தப் பயம் ஒருவர் தலையில் மட்டும் இறங்குகிறது. தேத்தண்ணி நாக்கைச் சுட்டுவிட்டால் இரண்டு நாளைக்குக் கண்ணாடியும் கையுமாக இருக்கிறார். கழுத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறார். "அதான் டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரே, இன்னும் என்னாண்ணே யோசன?" என்று கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார். ஆனால் அதற்குமேல் பேச நோயாளிக்கு வழியில்லாமல் போகிறது.

அவருடைய பயம் மனப்பிரமையும் அல்ல. ஸ்கேன் சொல்வது எடுத்த அன்றைய நிலையை. சில மில்லிமீற்றருக்கும் சிறிய கட்டிகள் அதன் கண்ணில் படாது. ஒரு சென்ரிமீற்றர் கட்டிக்குள்ளேயே கோடிக்கணக்கான கலங்கள் இருக்கும். இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் நிற்கும் வாய்ப்புற்றுநோயில் இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டியைச் சுற்றி, பார்வைக்கு நல்லதாகத் தெரியும் உட்தோலிலும் மாற்றம் தொடங்கியிருக்கும் என்று ஸ்லோட்டர் என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணரும் சகாக்களும் 1953இலேயே காட்டினார்கள். வெட்டி எடுத்தது ஒரு துண்டை. வருடக்கணக்கில் வெற்றிலையிலும் பாக்கிலும் புகையிலையிலும் ஊறியதோ வாய் முழுவதும். நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடங்களுக்குள் திரும்பும். டாக்டர் மூன்று மாதக் கணக்குச் சொல்வது அதனால்தான்.

இந்தத் தோட்டங்கள் இருக்கும் சப்ரகமுவ மாகாணத்தில் 30 வயதைத் தாண்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் வாயைப் பரிசோதித்து 2010இல் வெளியான ஆய்வொன்று, நூற்றுக்குப் பதினொரு பேர் அளவில் புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றங்கள் இருப்பதாகச் சொன்னது. புகையிலை இல்லாமல் வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்பதும் 2004 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அறிவித்திருக்கும் விஷயம். ஆனாலும் "கேன்சர் வந்தா அவ்வளவுதான்" என்று தீர்மானித்தவர், மூன்று வாரமாக ஆறாத புண்ணைக்கூட யாரிடமும் காட்டமாட்டார். "சொகமாயிருச்சு" என்று தீர்மானித்தவர் அடுத்த கிளினிக்குக்குப் போகமாட்டார். போனால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும்; துணைக்கு ஆள் வந்தால் இரண்டு பேர்; பஸ் காசு வேறு. சாவு நிச்சயம் என்பவரும் சுகம் நிச்சயம் என்பவரும் கடைசியில் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். தெரியாது என்று ஒப்புக்கொண்டவர்தான் விடியற்காலையில் பஸ் ஏறுகிறார்.

தெரியாமல் வாழ்வதை இந்த மலைச் சனத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 2016 மே 17 அன்று இதே கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே நாள் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மீதும் மண் இறங்கியது. அதன் பிறகும் மலையடியில்தான் சனம் இருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் முதல் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். மழை கூடும்போது அடையாள அட்டையையும் பிள்ளைகளின் புத்தகப் பையையும் கைக்கெட்டும் இடத்தில் வைக்கிறார்கள். மழை விட்டால் பால்வெட்டுக்குப் போகிறார்கள், கல்யாணம் பேசுகிறார்கள். மலை சத்தியம் செய்து தரட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை.

இப்படித் தெரியாமலேயே வாழ்ந்த இன்னொருவர் பால் கலாநிதி; அமெரிக்காவில் மூளை சத்திரசிகிச்சைப் பயிற்சியில் இருந்தவர். தென்னிந்தியப் பெற்றோரின் பிள்ளை. 2013இல், 36 வயதில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் தெரியவந்தது. மாத்திரைகளால் கட்டிகள் சுருங்கின. ஸ்கேன் நன்றாக வந்தது. எத்தனை காலம் என்று கேட்டார். அவருடைய வைத்தியர் எண் எதுவும் சொல்லவில்லை. அந்த எண் இல்லாமலேயே சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத் திரும்பினார். பிறகு வந்த ஸ்கேனில் புதிய கட்டி தெரிந்தது. 2014 ஜூலையில் மகள் பிறந்தாள்; 2015 மார்ச்சில் அவர் இறந்தார். அந்த நல்ல ஸ்கேன் ஏமாற்றிவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகான மாதங்களில் அவர் மற்றவர்களின் உயிரைக் காத்தார், தகப்பனானார். எல்லாம் தெரிந்தபின் செய்யலாம் என்று இருந்திருந்தால் இரண்டும் நடந்திருக்காது. நம்பிக்கை என்று நாம் சொல்வதற்கு இடமே அந்தத் தெரியாமையில்தான் இருக்கிறது. முடிவு தெரிந்த காரியத்தில் நம்புவதற்கு என்ன மிச்சம்?

உங்கள் லயத்தில் இப்படி ஒருவர் திரும்பி வந்திருந்தால், அடுத்த கிளினிக் எப்போது என்று கேளுங்கள். அந்தத் தேதியைக் கலண்டரில் குறித்துவையுங்கள். அன்றைக்கு ஒரு பேரை விட்டுவிட்டு யாராவது கூடப் போங்கள். அவர் வந்து திண்ணையில் உட்காரும்போது வெற்றிலைத் தட்டை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.