மஞ்சள் கடுதாசி கொடுக்குமுன்



அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் ஏற்பட்டது. பெரிய ஆலைகளின் ஆர்டரை நம்பி, அங்கும் ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கங்களிலும் கடன் வாங்கிப் பட்டறை நடத்துவோரில் நம்மவர்களும் உண்டு. ஆர்டர் நின்று, பில் பணமும் வராமற்போனால் கடன் கழுத்தை நெரிக்கிறது. அப்போது, "ஐ.பி. கொடுத்துவிடு, தொல்லை தீர்ந்தது" என்று யோசனை சொல்ல நாலு பேர் வந்துவிடுகிறார்கள். உண்மையில் தீர்ந்துவிடுமா?

நொடித்துப் போனவன் நீதிமன்றத்தை நாடுவது பாவமன்று. சென்னை நகருக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டமும், வெளியூர்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கென்றே ஏற்பட்டவை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்திலும் ஒருவர் பழங்களை வாங்கி நஷ்டமடைந்து பெருங்கடனில் மூழ்கினார். அவருக்குத் தர்மம் செய்யுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் மக்களை ஏவினார்கள். சேர்ந்த தொகை போதவில்லை. கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு, அதற்குமேல் அவரை நெருக்காதிருக்கும்படி கடன் கொடுத்தோரைப் பணித்தார்கள் (முஸ்லிம்).

இதைக் கொண்டு, எஞ்சிய கடன் அழிந்துவிட்டது என்று எண்ணலாகாது. இல்லாதவனை நெருக்கக் கூடாது; கையில் வந்தபின் அவன் கொடுத்தே தீரவேண்டும் என்பதே இமாம்களில் பெரும்பாலோரின் விளக்கம். கோர்ட்டு விடுவித்தாலும், கடன் கொடுத்தவர் மனமொப்பி விட்டுக்கொடுக்காதவரை அவருடைய ஹக்கு நம் கழுத்தில்தான். சில தீனார் கடனுடன் மவுத்தானவரின் ஜனாஸாவுக்கு, அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைப் பொறுப்பேற்கும்வரை நாயகம் (ஸல்) அவர்கள் தொழவைக்கவில்லை.

ஆகவே மனுப் போடுமுன் நாம் செய்யவேண்டியவை மூன்று.

ஒன்று, வங்கிக் கடன் முதல் மளிகைப் பாக்கி, வேலையாட்களின் கூலி வரை ஒன்று விடாமல் எழுதுவது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதிவைப்பது பற்றியதுதானே!

இரண்டு, எதையும் மறைக்காதிருப்பது. வீட்டை மனைவி பேருக்கும், மெஷினை மச்சான் பேருக்கும் மாற்றிவிட்டு மனுப் போடுவது மோசடி. மனுவுக்கு முந்திய 2 ஆண்டுகளுக்குள் இப்படிக் கைமாற்றியதை நீதிமன்றம் ரத்துச் செய்யலாம் என்கிறது 1920-ஆம் ஆண்டுச் சட்டம். உடுதுணி, சமையல் பாத்திரம், கைத்தொழிலாளியின் கருவி ஆகியவற்றைச் சட்டமே ஜப்தியிலிருந்து விலக்கியிருக்கிறது. பின் ஒளிப்பானேன்?

மூன்று, கடன் கொடுத்தவர்களை நேரில் கண்டு தவணை கேட்பது. ஓடி ஒளிபவனுக்கு இரங்குவார் யாருமில்லை.

கடன் கொடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. கஷ்டப்படுபவனுக்கு வசதி வரும்வரை தவணை தருமாறும், தர்மமாக விட்டுவிடுவது அதனினும் சிறந்ததென்றும் அல்லாஹு தஆலா அறிவிக்கிறான் (2:280). ஜகாத் பெறத் தகுந்த எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவன் (9:60). ரமளானில் ஜகாத்தைப் பங்கிடும் மஹல்லா ஜமாஅத்தார், நாணயமாய் வாழ்ந்து நொடித்துப்போன அண்டைவீட்டுக்காரரையும் நினைக்கவேண்டாமா?

கடனின் பாரத்திலிருந்தும், மனிதர்களின் ஹக்கைச் சுமந்து மறுமையில் நிற்கும் கேவலத்திலிருந்தும் வல்ல அல்லாஹ் நம்மனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.