முறிந்த சத்தியத்துக்குப் பிறகு

சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், பாகுதா ஆற்றங்கரையில் இருக்கிறது காணிப்பாக்கம். கிணற்றில் தானாகத் தோன்றிய பிள்ளையார், முதலாம் குலோத்துங்க சோழன் எழுப்பிய கோயில் என்கிறது தல வரலாறு. சுற்றுவட்டாரத்தில் இந்த வரசித்தி விநாயகர் சத்தியத்துக்குப் பேர்போனவர். கடன் தகராறோ களவுப் பழியோ முற்றிப்போனால், “காணிப்பாக்கத்துக்கு வா, சத்தியம் பண்ணு” என்பார்கள். பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான் என்ற பயம் இங்கே தமிழ் வீட்டுக்கும் தெலுங்கு வீட்டுக்கும் பொது.

குடியை விட நினைப்பவர்களும் இங்கே வருகிறார்கள். குளத்தில் முழுகி எழுந்து, ஈரத்துணியோடு சன்னதியில் நின்று, இனித் தொடமாட்டேன் என்று சொல்கிறார்கள். பக்கத்தில் மனைவி நிற்பாள். சில சமயம் அம்மா. பல வருஷ அழுகைக்குப் பிறகு அவர்களுக்கு அன்று ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்தச் சொல்லைக் கடைசிவரை காப்பாற்றியவர்கள் உண்டு; அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். எனக்குக் கவலையெல்லாம் காப்பாற்ற முடியாமல் போனவர்களைப் பற்றியே. அவர்கள்தான் யார் கண்ணிலும் படாமல் போகிறார்கள்.

எப்படி நடக்கிறது அது? சில மாதம் நன்றாகவே போயிருக்கும். முகம் தெளிந்திருக்கும், அடகு வைத்த தோடு வீட்டுக்கு வந்திருக்கும். ஒரு சனிக்கிழமை கூலி கைக்கு வருகிறது. அல்லது சொந்தத்தில் ஒரு சாவு. அல்லது காரணமே இல்லை. ஊர்க்கோடி பெல்ட் ஷாப்பில் ஒரு குவார்ட்டர். குடித்து முடித்தவர் வாய் கொப்பளித்து, பாக்கு மென்று, வீட்டில் விளக்கு அணையட்டும் என்று மதகுக் கட்டையில் உட்கார்ந்திருக்கிறார். அப்போது மனசுக்குள் ஒரு பேச்சு தொடங்குகிறது: ‘சத்தியம்தான் போயிடுச்சே. இனிமே ஒண்ணு என்ன, ஒன்பது என்ன?’ அடுத்த குவார்ட்டரை வாங்க வைப்பது தாகம் மட்டும் என்று நினைக்கிறோம். பாதிக்கு மேல் இந்தப் பேச்சுதான் வாங்க வைக்கிறது.

அமெரிக்க உளவியலாளர்கள் ஆலன் மார்லட்டும் ஜூடித் கார்டனும் 1985-ல் வெளியிட்ட நூலில் இந்த மனநிலையை விரிவாக ஆராய்ந்தார்கள். முதல் சறுக்கலையும் முழு வீழ்ச்சியையும் அவர்கள் தனித்தனியாகப் பிரித்தார்கள். இரண்டுக்கும் நடுவே மனிதன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை நிற்கிறது. ‘நான் ஒன்றுக்கும் லாயக்கில்லாதவன்’ என்பது கதையானால் சறுக்கல் வீழ்ச்சியாகிறது. ‘இந்த இடத்தில் கால் வைத்ததால் வழுக்கியது’ என்று பார்க்க முடிந்தால் எழுந்துவிட வழி இருக்கிறது.

சறுக்குவது அபூர்வமும் இல்லை. போதைப் பழக்கத்திலிருந்து மீள முயல்பவர்களில் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் வரை மறுபடி சறுக்குவதாக மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. ரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற நாள்பட்ட நோய்களில் சிகிச்சையைக் கைவிட்டு மறுபடி மோசமாகிறவர்களின் கணக்கும் இதற்குச் சளைத்ததில்லை. பிரஷர் ஏறி வந்தவரிடம் டாக்டர் மாத்திரையை மாற்றித் தருகிறார். நீ மானங்கெட்டவன் என்று யாரும் சொல்வதில்லை. குடித்துவிட்டு வந்தவருக்கு மட்டும் அந்தப் பட்டம் கிடைக்கிறது. அது கிடைக்கும் என்று தெரிந்ததால்தான் அவர் மதகுக் கட்டையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்.

குடியை விட முயல்பவர்கள் கூடும், உலகெங்கும் கிளை பரப்பியிருக்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ (ஏஏ) தன் பிறந்த நாளாகக் கொண்டாடுவது 1935 ஜூன் 10. அதன் நிறுவனர்களில் ஒருவரான டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாள் அது. அதற்குச் சில வாரம் முன்பே, பில் வில்சன் என்ற இன்னொரு குடிநோயாளியைச் சந்தித்த பிறகு, அவர் குடியை நிறுத்தியிருந்தார். பிறகு ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். திரும்பி வந்தவரை பில் விரட்டவில்லை. பக்கத்தில் இருந்து தெளிய வைத்தார். லட்சக்கணக்கானவர்களைக் காத்த ஓர் இயக்கம் ஒரு சறுக்கலின் மறுகரையிலிருந்துதான் தன் நாட்களை எண்ணத் தொடங்கியது.

காணிப்பாக்கத்துக்கே திரும்புவோம். கோயிலை ஒட்டி ஓடும் பாகுதாவுக்கு ஒரு பழைய கதை உண்டு. மகாபாரதத்தின் சாந்தி பர்வத்திலும் வருகிறது. சங்கன், லிகிதன் என்று இரண்டு சகோதரர்கள். அண்ணன் ஆசிரமத்துப் பழத்தைத் தம்பி கேட்காமல் பறித்துத் தின்றுவிட்டான். “ராஜாவிடம் நீயே போய்ச் சொல்” என்றான் அண்ணன். தம்பி போனான், தானே சொன்னான், தண்டனையாகக் கைகளை இழந்தான். நேராக அண்ணனிடமே திரும்பி வந்தான். அண்ணன் அவனை ஆற்றில் முழுகி வரச் சொன்னான். முழுகி எழுந்தபோது கைகள் திரும்ப வந்திருந்தன.

சத்தியம் கேட்கும் சாமியும், தவறியவனைத் திரும்ப ஏற்ற ஆறும் ஒரே ஊரில் இருக்கின்றன. நம் ஜனங்கள் சாமிக்குப் பயந்த அளவுக்கு ஆற்றை நினைப்பதில்லை. திருப்பதி மலைமேல் இருப்பவரும் அப்படித்தான். தவறிய வேண்டுதலைக் காலம் கடந்து வட்டியோடு கொண்டுவந்தாலும் அவர் வாங்கிக்கொள்வார் என்று இந்தப் பக்கத்து ஜனம் நம்புகிறது. தெய்வங்கள் திறந்து வைத்திருக்கும் கதவை நாம் அடைத்து வைத்திருக்கிறோம்.

இந்த மண்ணுக்கும் தொடங்கித் தொடங்கி விட்ட கதை உண்டு. 1937-ல் சேலத்தில் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்கு அடுத்த ஆண்டே சித்தூருக்கு வந்தது. போர்க்காலத்தில் போனது, 1948-ல் மதராஸ் மாகாணம் முழுதும் திரும்பியது, பின்னாளில் மறுபடி தளர்ந்தது. 1992-ல் பக்கத்து நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில், எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்களுக்குக் குடியால் சீரழிந்த ஒரு குடும்பத்தின் கதை பாடமாக வந்தது. வாசித்தவர்கள் தங்கள் வீட்டுக் கதையை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார்கள். அதுவரை ஒவ்வொருத்தியும் முந்தானைக்குள் பொத்தி வைத்திருந்த அவமானம் ஊர்ப்பேச்சானதும் சாராயக் கடைகள் ஆட்டம் கண்டன. ஆந்திராவில் 1993-ல் சாராயத்துக்குத் தடை, 1995-ல் முழு மதுவிலக்கு, 1997-ல் அதுவும் தளர்த்தப்பட்டது. சட்டம் வந்தது, போனது. மறைத்ததை வெளியே சொன்னால் பலம் பிறக்கும் என்று அந்தப் பெண்கள் காட்டியது மட்டும் போகவில்லை.

மறுபடி நிறுத்த நினைப்பவர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நாள் கணக்கில் நிறையக் குடித்துவிட்டு வைராக்கியமாகத் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்தித் தொடங்கி நிறுத்தித் தொடங்கியவருக்கு ஒவ்வொரு முறையும் இந்தத் தவிப்பு கூடவும் செய்யும். போன தடவை தாங்கினேனே என்ற தைரியம் இதில் செல்லாது. திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையோ, வேலூரோ, எது பக்கமோ அங்கே டாக்டரிடம் போக வேண்டும். 14446 போதை மீட்பு உதவி எண். 14416 மனநல உதவி எண். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெறுகிறார் என்கிறது 2019-ல் வெளியான தேசிய ஆய்வு. மற்ற 37 பேரில் பலரும் வைராக்கியத்தை மட்டும் நம்பி வீட்டுக்குள் தனியே போராடுகிறவர்கள்.

வீட்டாரிடமும் ஒரு வார்த்தை. அடிபட்டவளிடம், தாலியை அடகு வைத்துக் குடும்பம் நடத்தியவளிடம், மறுபடியும் நம்பு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நம்பாமலிருக்க அவளுக்கு உரிமை உண்டு. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒதுங்கவும் உரிமை உண்டு. சறுக்கியவர் சொல்வதைக் கேட்கும் பொறுப்பையும் அவள் தலையிலேயே கட்டக் கூடாது. அண்ணன் கேட்கலாம், கூட்டாளி கேட்கலாம், ஏஏ கூட்டத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவர் கேட்கலாம். “அண்ணா, நேத்து ராத்திரி குடிச்சிட்டேன்” என்று ஒருவர் சொல்லும்போது, “சாப்பிட்டியா? வா, டாக்டர்கிட்ட போலாம்” என்று சொல்ல ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும்.

சத்தியத்தைத் தெய்வத்தின் முன் தனியாளாக நின்று செய்துவிடலாம். முறிந்த பிறகு திரும்பி வருவதற்குத்தான் இன்னொரு மனிதர் வேண்டியிருக்கிறது. சத்தியம் முறிந்தாலும் அதைச் செய்ய வைத்த ஆசை முறிவதில்லை. குடித்தவன் அந்த இரவில் வெட்கப்படுகிறானே, அந்த வெட்கமே ஆசை உயிரோடு இருப்பதற்குச் சாட்சி. அது மறைவில் கிடந்தால் அவனைத் தின்றுவிடும். ஒருவர் காதில் விழுந்தால் அவனை எழுப்பிவிடும். முதல் மடக்குக்கும் முதல் ஒப்புதலுக்கும் இடையே ஓடுகிற நேரத்தில்தான் உயிர்கள் போகின்றன. அந்த நேரத்தைக் குறைப்பது குடித்தவன் கையில் பாதி, நம் கையில் பாதி.