நோயாளி யார்?

சிம்பாங் பூலாயில் ஒரு மூதாட்டியார் வீட்டிலிருந்தபடியே கைப்பேசித் திரையில் டாக்டரைக் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உம்மாவுக்குத் தமிழ்தான் சரளம். டாக்டர் மலாயில் கேட்கிறார். மகன் இடையிலிருந்து மொழிபெயர்க்கிறார். சற்று நேரத்தில் டாக்டரும் மகனுமே பேசி முடித்துவிடுகின்றனர். இங்கே நோயாளி யார்?

இது சிறிய கேள்வியன்று. பெற்ற மகனேயானாலும் தாயின் நோய் தாயுடையது. மகன் முன் சொல்லக் கூசும் உபாதைகள் எத்தனையோ உண்டு. நேரில் சென்றால் டாக்டர் மகனை வெளியே நிற்கச் சொல்லலாம். திரையிலோ, அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. கேட்டறிய வேண்டியது அவர் கடமை.

மலேசியா 1997-லேயே தொலைமருத்துவச் சட்டம் இயற்றிய நாடு. நோயாளியின் எழுத்துமூலமான சம்மதத்தை அது வற்புறுத்திற்று. ஆயினும் நெடுங்காலம் நடைமுறைக்கு வராமலே கிடந்தது. இந்திய அரசு 2020 மார்ச் 25-ந் தேதி வெளியிட்ட விதிகளோ, டாக்டரும் நோயாளியும் ஒருவரையொருவர் இன்னாரென அறிந்திருக்க வேண்டுமென்கின்றன. நல்லதுதான். ஆனால் தலையாட்டுவது சம்மதமாகலாம், புரிந்ததாகாது. “மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீர்கள், நீங்களே சொல்லுங்கள்” என்று டாக்டர் திருப்பிக் கேட்டால்தான் உண்மை வெளிப்படும்.

மகனுக்கும் பொறுப்புண்டு. உம்மாவின் சொல் அவரிடம் அமானிதம். பத்து வாக்கியங்களை “வயசுக் கோளாறு” என்று சுருக்க அவருக்கு உரிமை யார் தந்தது? தமிழறிந்த நர்ஸ் உண்டா என்று கேட்டு, கைப்பேசியை உம்மாவிடம் கொடுத்துவிட்டு, சற்றே வாசற்பக்கம் போய் நிற்கலாமே!