வெளுத்த கை

ஒரு வீட்டைப் பார்த்து "சுத்தமாக இருக்கிறது" என்கிறோம். இந்த வாக்கியத்தில் வீடுதான் எழுவாய். விளக்குமாறு பிடித்தவள் அதில் எங்கும் இல்லை. "வேட்டி வெளுத்திருக்கிறது" என்றால் வேட்டி தானே தன்னை வெளுத்துக்கொண்டதுபோல் ஆகிவிடுகிறது. இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் இந்த மாதிரி வாக்கியங்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. செய்தவரை விட்டுவிட்டுச் செய்ததை மட்டும் சொல்ல எல்லா மொழியும் இடம் கொடுக்கும். ஆனால் யாரை விடுகிறோம் என்பது தற்செயலாக நடப்பதில்லை.

திருக்குறளில் வாய்மை அதிகாரத்தின் 298ஆம் குறள், உடம்பின் தூய்மை நீரால் வரும், உள்ளத்தின் தூய்மை வாய்மையால் தெரியவரும் என்கிறது. வகுப்பில் இதை நடத்தும்போது முன்பாதியை ஒரு நிமிடத்தில் கடந்து பின்பாதியில் அரை மணி நேரம் நிற்பதுதான் எங்கள் துறையின் வழக்கம். அறம் அங்கேதான் இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். முன்பாதி எளிது, தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. எனக்கோ முன்பாதியில்தான் கால் தடுக்குகிறது. வாய்மையை ஒருவர் தானே பழகித்தான் அடைய வேண்டும். எனக்காக இன்னொருவர் உண்மை பேச முடியாது. புறத்தூய்மை அப்படியல்ல. ஒரு குடம் தூக்காமல், ஒரு துணி பிழியாமல், ஆயுள் முழுக்க ஒரு மனிதர் தூய்மையாக இருந்துவிட முடியும். பெரும்பாலும் ஆண்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். இன்னொருவர் கையால் எனக்கு வந்த தூய்மை எனக்குரிய நற்பண்பு ஆகுமா? அந்தத் தூய்மையை வைத்துக்கொண்டு, அதைத் தந்த கையைப் பார்த்து "அழுக்கு" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

இந்தக் கேள்வியை ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு முன்னால் நின்றுகொண்டு யோசிக்கும் வாய்ப்பு குரும்பலூரில் கிடைத்தது. எங்கள் தெருவில் மகளிர் குழுவில் இருக்கும் அக்கா ஒருவர் சோப்பு போடக் கற்றுக்கொண்டு வந்தார். "நீங்களும் வாங்க மேடம், எடை பாத்து எழுதி வைக்க ஒரு ஆளு வேணும்" என்று கூப்பிட்டார். எழுதப் போனவள் கிண்டவும் கற்றுக்கொண்டேன்.

வீட்டுச் சோப்பு என்றால் கடலைமாவும் கஸ்தூரி மஞ்சளும் குழைப்பது என்று நினைப்பவர்கள் உண்டு. காஸ்டிக் சோடா இல்லாமல் கட்டிச் சோப்பு கிடையாது. வெள்ளைச் சில்லுகளாக, பார்க்கக் கல்லுப்பு மாதிரி இருக்கும். தோலில் பட்டால் தோலையே அரிக்கும். தேங்காயெண்ணெய் 700 கிராம், கடலையெண்ணெய் 300 கிராம் எடுத்தால் அதற்கு ஏறத்தாழ 160 கிராம் காஸ்டிக் சோடா, 320 கிராம் தண்ணீர். எண்ணெய் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். ஒரு கிராம் தேங்காயெண்ணெய் கேட்கும் காரத்தைவிடக் கடலையெண்ணெய் கேட்பது குறைவு. கொஞ்சம் எண்ணெய் மிஞ்சும்படி காரத்தை நூற்றுக்கு ஐந்து அளவு குறைத்துப் போடுவது வழக்கம். காரம் மிஞ்சினால் குளிக்கிறவருக்குத்தான் எரியும். சில்லுகளைத் தண்ணீரில் கொட்ட வேண்டும், சில்லுகள் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். முறையாகப் போட்டாலும், அடுப்பில்லாமலே பாத்திரம் கை வைக்க முடியாத அளவு சூடாகும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது. காரம் அதைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை விடும். எவர்சில்வர் அல்லது கெட்டியான பிளாஸ்டிக். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம், சின்னப் பிள்ளைகள் இல்லாத இடம். மேலே தெறித்துவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். வேறு வைத்தியம் எதுவும் செய்யக் கூடாது.

சூடு தணிந்த காரநீரை எண்ணெயில் விட்டுக் கிண்டினால், மோர்க்குழம்பு பதத்துக்கு வரும்போது கரண்டியிலிருந்து விழும் துளி மேலேயே கோடாக நிற்கும். அப்போது அச்சில் ஊற்ற வேண்டும். ஒன்றிரண்டு நாளில் வில்லை போடலாம். ஆனால் நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட வைத்தால்தான் ஈரம் போய் இறுகும், தோலுக்கும் மென்மையாக இருக்கும். நாங்கள் போட்டதில் பதினான்கு வில்லை வந்தது.

சோப்பு செய்யும் வேலை ஒரு மெய்யியல்காரருக்கு உதவக்கூடியது. அதன் ஒவ்வொரு மூலக்கூறும் நீளமானது. ஒரு முனைக்கு எண்ணெய் பிடிக்கும், மறுமுனைக்குத் தண்ணீர் பிடிக்கும். ஒரு முனையால் எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றிக்கொண்டு மறுமுனையால் தண்ணீரோடு போகிறது. அழுக்கைத் தொடாமல் தள்ளி நின்று எந்தச் சோப்பும் வெளுப்பதில்லை. தீட்டு என்கிற ஏற்பாடு இதற்கு நேர் எதிர். அங்கே தூய்மை என்றால் தொடாதிருத்தல், விலகி நிற்பது, மூன்று நாள் தனித் தட்டு. அந்த ஏற்பாட்டால் உலகத்தில் ஒரு துணியும் வெளுத்ததில்லை. வெளுக்கும் வேலையைத் தொடுகிறவர்களிடம் கொடுத்துவிட்டு, தொட்டதற்காக அவர்களைத் தள்ளி வைத்திருக்கிறது.

சங்கப் பாடல்களில் துணி வெளுக்கிறவளுக்குப் புலைத்தி என்று பெயர். புறநானூறு 311இல் ஔவையார் அவளைப் பாடுகிறார். உவர்நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் அவள் தினமும் துவைத்துக் கொடுத்த வெள்ளாடை, தெருப்புழுதியில் அழுக்காகும்படி அமர்ந்து பலரின் குறைகளைத் தீர்க்கிறான் தலைவன். அவனுக்குப் போர்க்களத்தில் துணையாக வர ஒருவரும் இல்லை. பாட்டு தலைவனைப் பற்றியது, அவள் வழியில் வந்து போகிறவள். ஆராய்ச்சி மாணவியாக இதைப் படித்தபோது அந்தக் கிணற்றை நான் வறண்ட நிலக் காட்சி என்றுதான் எடுத்துக்கொண்டேன். உரைகளும் அதற்கு மேல் போகத் தூண்டவில்லை. காரநீர் கலக்கிய பிறகு படித்தால் அது வேறாக இருக்கிறது. களர் மண்ணில் சோடியம் கார்பனேட் இருக்கும். வண்ணார்கள் தலைமுறை தலைமுறையாக வெள்ளாவி வைக்கப் பயன்படுத்திய உவர்மண்ணும் அதுதான். நல்ல தண்ணீர்க் கிணறு பக்கத்தில் இருந்தாலும் அவள் களரில்தான் தோண்டியிருப்பாள். எந்த மண் அழுக்கை எடுக்கும் என்று அவளுக்குத் தெரியும். அகநானூறு 34இலும் நற்றிணை 90இலும் கஞ்சிப் பசை போடுகிற கைகளாகவும் அவள் வருகிறாள். காரம், கஞ்சி, ஆவி என ஒரு முழு வேதியியல். அதை அறிந்தவளுக்குக் கிடைத்த பெயரோ புலை, அதாவது அழுக்கு, இழிவு. பாடியவர்களின் பெயர் மிஞ்சியிருக்கிறது. துவைத்தவள் பெயர் ஒன்றுகூட இல்லை.

(எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரியலூர்ப் பக்கம் பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல். சிமெண்ட் ஆலைகள் அங்கே வந்ததற்குக் காரணமே அதுதான். சுண்ணாம்பு கரைந்த தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைத் திப்பியாகத் திரண்டுவிடும். கல்யாணமாகிக் கடின நீர் ஊருக்கு வந்த பெண்களின் முதல் புகார் முடி கொட்டுகிறது என்பது. இரண்டாவது, எவ்வளவு தேய்த்தாலும் மாமியார் "வெளுக்கல" என்கிறார் என்பது. இரண்டாவதில் பாதிக் குற்றம் கால்சியத்துடையது.)

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. அதில் ஆரோக்கியம் என்கிற புதிரை வண்ணார் பெண், தலித் மக்களின் துணி வெளுக்கிறாள், பிரசவம் பார்க்கிறாள், சாவு வீட்டு வேலை செய்கிறாள், இரவில் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்குகிறாள். ஒடுக்கப்பட்டவர்களாலும் ஒடுக்கப்படுகிற ஒருத்தி. பிள்ளைப்பேற்றுத் துணியும் மாதவிலக்குத் துணியும் அவள் கைக்குத்தான் போகும். ஊரின் மிக அந்தரங்கமான இரத்தம் அவளுக்குத் தெரியும், ஆனால் அவளுக்கு ஊருக்குள் இடமில்லை. பெண்களின் தீட்டைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். அந்தத் துணியை நாமே அலசிக்கொண்டோமா, யாரிடமாவது போட்டோமா என்று பிரித்துக் கேட்டால் 'பெண்கள்' என்று பொதுவாகச் சொல்வது சங்கடமாகிவிடும். பெண்ணியத்துக்கு அந்தச் சங்கடம் தேவை.

கடைச் சோப்பு வந்தபோது இந்தக் கணக்கு தீரும் என்று ஒரு நம்பிக்கை இருந்திருக்கலாம். காசு கொடுத்தால் யாருக்கும் ஒரே வில்லை. அது சிறிய விஷயமில்லை, நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வில்லையோடு புது வேலையும் வந்தது. 1941இல் லக்ஸ் விளம்பரத்தில் லீலா சிட்னிஸ் தோன்றினார், அதில் வந்த முதல் இந்திய நடிகை அவர். குளிக்கிற சோப்பு பெண்ணின் அழகைப் பற்றியதாகவும், துவைக்கிற சோப்பு அவளுடைய கடமையைப் பற்றியதாகவும் இரண்டாகப் பிரிந்தன. பள்ளிச் சட்டைக் கறையைப் பார்த்து ஓர் அம்மா சிரிக்கிற விளம்பரங்களை எத்தனை வருடமாகப் பார்க்கிறோம்! வெள்ளாவி ஒரு சாதியின் தலையிலிருந்து இறங்கி எல்லாச் சாதிப் பெண்களின் தலையிலும் ஏறியது, இந்த முறை கூலி இல்லாமல்.

மெடிமிக்ஸின் கதையும் எனக்கு நினைவுக்கு வருகிறது. ரயில்வே மருத்துவராக இருந்த வி.பி. சித்தன் 1969இல் சென்னையில் தொடங்கியது அது. ஆரம்பத்தில் வீட்டிலேயே கையால்தான் சோப்பு போட்டார்கள், மனைவி சௌபாக்கியமும் சேர்ந்து. அந்தக் கதையைச் சொல்லும்போது அவர் கண்டுபிடித்தார், மனைவி உதவினார் என்பார்கள். 'உதவினார்' என்ற வினையைத் தமிழில் பெண்களுக்கு என்றே ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

இப்போது 'கையால் செய்தது, இயற்கையானது' என்று பெருநகரக் கடைகளில் சோப்பு நல்ல விலைக்குப் போகிறது. அந்தப் பெருமையில் எனக்கும் ஆசை உண்டு; ஒளிக்க ஒன்றுமில்லை. மாதச் சம்பளம் வருகிறது, ஆறு வாரம் காத்திருக்க முடிகிறது. அக்காவுக்கு அந்த ஆறு வாரம், வட்டியோடு ஆறு வாரத் தவணை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரியில் தொடங்கின. அதன் பிறகு பெண்கள் வங்கிக்குப் போனார்கள், கையெழுத்துப் போட்டார்கள், வீட்டை விட்டு வெளியே வந்து உட்கார்ந்து பேசினார்கள். அந்த நன்மையை நேரில் பார்த்தவள் நான். ஆனால் பயிற்சி என்று வந்தால் சோப்பு, பினாயில், ஊறுகாய், ஊதுபத்தி என்றுதான் வருகிறது. வீட்டில் கூலியில்லாமல் சுத்தம் செய்கிறவளுக்கு வெளியே குறைந்த கூலிக்குச் சுத்தத்தைத் தயாரிக்கக் கற்றுத்தருகிறார்கள். குளியல் சோப்பை விற்பனைக்குத் தயாரிக்க 1940ஆம் ஆண்டின் மருந்து, அழகுப்பொருள் சட்டத்தின்படி உரிமம் வேண்டும் என்பது அக்காவின் பயிற்சித் தாளில் இல்லை.

அந்தத் தாளில் அடக்க விலைக் கணக்கு ஒன்று இருந்தது. எண்ணெய், காஸ்டிக் சோடா, வாசனை, வண்ணம், உறை, போக்குவரத்து. கீழே மொத்தம், அதற்குக் கீழே லாபம். நான் நோட்டில் அதையே பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"இதுல என் கூலி எங்க மேடம்?"

"லாபம்னு போட்டுருக்காங்களேக்கா, அதுதான்."

"லாபம் வித்தாத்தான வரும்? நான் கிண்டுனது விக்கலேன்னாலும் கிண்டுனதுதான? களை வெட்டப் போனா வெங்காயம் விலை போகலன்னு கூலிய நிறுத்துவாங்களா?"

உறைக்கும் போக்குவரத்துக்கும் நடுவில் ஒரு வரி இடம் விட்டு, எடை பார்த்தது, கிண்டியது, அறுத்தது, ஆறு வாரம் திருப்பித் திருப்பி வைத்தது, பாத்திரம் கழுவியது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பாத்திரம் கழுவியதற்கு எத்தனை நிமிடம் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அத மட்டும் நீங்கதான கழுவுனீங்க, உங்க கணக்குல போட்டுக்கங்க" என்றார். வில்லைக்கு விலை எட்டு ரூபாய் ஏறியது. குழுக் கூட்டத்தில் இந்த விலைக்குப் போகாது என்று இரண்டு பேர் சொன்னார்கள், போகட்டுமே என்று மூன்று பேர் சொன்னார்கள். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.