தன் கணக்கைத் தானே காட்டுதல்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்திரமேரூரில் நின்றும் இருந்தும் கிடந்தும் மூன்று தளங்களில் ஸேவை ஸாதிக்கும் சுந்தரவரதராஜப் பெருமாளை மங்களாசாஸனம் செய்ய வரும் அன்பர்கள், அவ்வூரிலேயே உள்ள வைகுண்டப் பெருமாள் திருக்கோயிலையும் பார்த்துச் செல்வதுண்டு. அதன் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய, அதாவது கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் உள்ளன. 30 குடும்புகளாகப் பிரிந்திருந்த அவ்வூரின் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு ஆள் தெரிவு செய்யும் குடவோலை முறையை அவை விவரிக்கின்றன. ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள் என்பது பள்ளிப் பாடத்திலேயே நாம் படித்தது.

வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற அடியோங்களுக்கு, அக்கல்வெட்டுகளில் வேறு இரண்டு விதிகள் நெஞ்சில் தைத்தன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரை மீண்டும் குடத்தில் இடக் கூடாது; அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே விலக்கு என்பது ஒன்று. ஊர்க்கணக்கு எழுதியவன் தன் கணக்கைத் தானே கொண்டுவந்து காட்ட வேண்டும். அதை முடித்துக் கொடுக்க வேறொரு கணக்கன் புகக் கூடாது என்பது மற்றொன்று.

இவ்விரண்டாம் விதியைப் படித்த அன்று அடியோங்களுக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தை விண்ணப்பிக்கிறோம்.

1993-ஆம் ஆண்டு கிராமப்புறக் கிளை ஒன்றில் அடியோம் அதிகாரியாக இருந்தோம். ஒருநாள் காசாளர் விடுப்பில் சென்றதால், பணம் வாங்கவும் கொடுக்கவும் அடியோங்களே அமர்ந்தோம். மாலையில் கணக்குப் பார்த்தபோது கையிருப்பில் 2,700 ரூபாய் குறைந்தது. அக்காலத்தில் அது சிறு தொகையன்று. பெட்டக அறையிலிருந்து பணக்கட்டுகளை எடுத்துவர உதவியவர், தினக்கூலிக்கு வேலை பார்த்த இருபது வயது இளைஞர். அவர் பிற்பகலில் மேசைக்கருகே சற்று நேரம் நின்றதாக ஒருவர் சொன்னார். அவ்வளவே. எல்லோர் முன்னிலையிலும் அவரை அழைத்து, “பையைக் கொட்டிக் காட்டு” என்றோம். பையில் ஒரு சாப்பாட்டுத் தூக்கும் ஒரு துண்டும் இருந்தன.

மறுநாள் காலை ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தோம். 8,500 ரூபாய் கொடுத்த ஒரு காசோலையை அடியோங்களே 5,800 என்று மாற்றி எழுதியிருந்தோம். வித்தியாசம் 2,700. வித்தியாசத் தொகை ஒன்பதால் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பார் என்பது கணக்கெழுதும் எவரும் தொடக்கத்திலேயே கற்கும் பாடம். அதை எத்தனையோ இளைய ஊழியர்களுக்கு அடியோங்களே கற்பித்திருக்கிறோம். முந்தைய மாலையில் அது நினைவுக்கு வரவில்லை. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று மனம் முடிவு செய்துவிட்டபின் வகுத்துப் பார்க்கத் தோன்றுமா?

“கணக்கு நேராகிவிட்டது” என்று மட்டும் எல்லோரிடமும் சொன்னோம். அந்த இளைஞரிடம் தனியாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. சில மாதங்களில் அவர் வேலையை விட்டுப் போனார். அடியோம் மாற்றலாகி வேறு ஊர் சென்றோம்.

இதில் எங்கே தவறினோம் என்று பார்க்க நம் ஸம்ப்ரதாயமே ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது. ப்ரத்யக்ஷம், அநுமானம், சப்தம் என்ற மூன்றையும் ப்ரமாணங்களாக விசிஷ்டாத்வைதிகள் கொள்கிறோம். தத்துவ விசாரத்துக்கென்று ஏற்பட்ட இப்பாகுபாடு அன்றாட வாழ்வுக்கும் உதவும். பணம் குறைந்தது கண்ணால் கண்டது. இளைஞர் மேசைக்கருகே நின்றார் என்பது பிறர் சொல்லக் கேட்டது. அவர் எடுத்திருப்பார் என்பது ஊகம்; அநுமானம் என்று சொல்லக்கூட அதற்குத் தகுதியில்லை. புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்பது போன்ற உறுதியான தொடர்பு இருந்தால்தான் அநுமானம் நிற்கும். மேசைக்கருகே நின்றவரெல்லாம் பணம் எடுப்பவர் என்று எங்கே கண்டோம்? ஊகத்தைக் கண்டதன் பத்தியில் எழுதினோம். பதிவேட்டில் செய்த பிழை ஒரே இரவில் திருந்தியது. மனத்தில் செய்த பிழை முப்பது ஆண்டுகள் திருந்தாமல் கிடந்தது.

அது திருந்தாமல் கிடந்ததற்கு அடியோம் சொல்லிக்கொண்ட காரணம்தான் இக்கட்டுரையின் மையம். ஸமாச்ரயணம் ஆனபின், நாள்தோறும் கோயிலுக்குச் சென்று கோஷ்டியில் அந்வயித்தபின், அந்த நினைவு எழும்போதெல்லாம், “நம் பாரமெல்லாம் எம்பெருமானிடம் சேர்ந்துவிட்டது, இனி நாம் கணக்குப் பார்ப்பது அவனை நம்பாமையாகும்” என்று சமாதானம் செய்துகொண்டோம். உபாயம் அவனே, நம் முயற்சியால் பேறு இல்லை என்பது ஸித்தாந்தம். ஆனால் அதைக் கொண்டு ஓர் எளிய மனிதருக்குக் கொடுக்க வேண்டிய பதிலைத் தவிர்த்தோம். ஸித்தாந்தம் சரி, அதை எடுத்தாண்ட இடம் தவறு.

தொண்டரடிப்பொடியாழ்வார் 45 பாசுரங்களில் அருளிச்செய்த திருமாலையை இந்நோக்கில் மீண்டும் அநுஸந்தித்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. இருபத்தைந்தாம் பாசுரத்தில் தமக்கு வைதிக அநுஷ்டானமும் இல்லை, ஆத்மஞானமும் இல்லை, பக்தியும் இல்லை என்று கைம்முதலின்மையை அரங்கனிடம் விண்ணப்பிக்கிறார். இருபத்தேழாம் பாசுரத்தில், ஸேது கட்டுவதற்குக் குரங்குகள் மலைகளைத் தள்ளியபோது, தானும் உதவ வேண்டும் என்று நீரில் நனைந்து மணலில் புரண்டு ஓடிய அணிலை நினைக்கிறார். கபடமற்ற அந்த அணிலைப் போலவும் தாம் இல்லையே என்று இரங்குகிறார். எல்லாம் அவன் பொறுப்பு என்று உறுதியாக நம்பிய ஆழ்வாரே தம் குறைகளை எண்ணி எண்ணிச் சொல்கிறார். அவன் பார்த்துக்கொள்வான் என்று ஏட்டை மூடி வைக்கவில்லை. வரவுப் பக்கம் வெறுமையாக இருப்பதைக் காட்டுவதே ஆகிஞ்சந்யம். கணக்கே எழுதாதவன் தனக்குக் கைம்முதல் இல்லை என்று எப்படி அறிவான்?

ஆகவே சரணாகதன் கணக்கு எழுதுவது, நற்செயல்களைக் கூட்டிக் காட்டி மோக்ஷம் கேட்பதற்காக அன்று. தான் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொய்யின்றி அறிவதற்காக. அக்கணக்கைத் தள்ளுபடி செய்வது அவன் உரிமை. அதை மறைக்காமல் காட்டுவது நம் கடமை. உத்திரமேரூர் ஸபையார் கல்லில் வெட்டி வைத்ததும் இதையே: காட்டுவதற்கு வேறொரு கணக்கன் வரமாட்டான்.

மற்றொன்றும் உண்டு. பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் அக்ருத்ய கரணம், பகவதபசாரம், பாகவதாபசாரம், அஸஹ்யாபசாரம் என்று வரிசைப்படுத்தி, முந்தையதைக் காட்டிலும் பிந்தையது கொடியது என்று காட்டியருளினார். ஸ்ரீபாகவதத்தின் ஒன்பதாம் ஸ்கந்தத்தில், அம்பரீஷனிடம் அபசாரப்பட்ட துர்வாஸர் சக்கரத்தாழ்வாருக்கு அஞ்சி மூவுலகும் ஓடிக் கடைசியில் வைகுண்டநாதனிடமே சரணம் புகுகிறார். அவனோ, அம்பரீஷனிடமே போய் மன்னிப்புக் கேள் என்று திருப்பி அனுப்புகிறான். அவர் திரும்பி வர ஓராண்டு ஆயிற்று. அதுவரை அம்பரீஷன் உண்ணாமல் காத்திருந்தான். தவறு செய்தவன் ஓடிக்கொண்டிருக்கும் காலமெல்லாம் தவறிழைக்கப்பட்டவன் பட்டினி கிடக்கிறான் என்பதை இவ்விடத்தைப் பலமுறை கேட்டும் அடியோம் கவனித்ததில்லை.

அந்த இளைஞர் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நெற்றி நிறைய நாமமிட்டு வேலைக்கு வருவார். எம்பெருமானுக்கு அடியவராயின் எத்தகையவரும் தமக்கு ஸ்வாமிகள் என்று நம்மாழ்வார் திருவாய்மொழி மூன்றாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழி முழுவதும் அருளிச்செய்ததை அந்நாளிலேயே அடியோம் வாயால் ஓதிக்கொண்டிருந்தோம். ஓதியது வாயோடு நின்றது.

சென்ற தை மாதத்தில், உடன் பணிபுரிந்த ஒருவர் மூலம் அவர் இருக்குமிடம் தெரிந்தது. வந்தவாசி செல்லும் சாலையில் ஒரு சிற்றூரில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். போய் நின்றோம். முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அன்று ‘நீ’ என்று அழைத்த வாயால் ‘நீங்கள்’ என்று தொடங்கி, 8,500-ஐ 5,800 என்று எழுதியது யார் என்பதைச் சொன்னோம். மன்னிக்க வேண்டும் என்று கைகூப்பினோம். அவர் சிறிது நேரம் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மறுநாளே இதைச் சொல்லியிருந்தீங்கன்னா, நான் அந்த வேலையை விட்டிருக்க மாட்டேன் சார்” என்றார். பிறகு, “வெயில்ல வந்திருக்கீங்க, டீ குடிங்க” என்று பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்தார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அதைக் கேட்டு வாங்கும் உரிமையும் அடியோங்களுக்கு இல்லை. கணக்கைக் காட்டினோம், அது முடிந்துவிட்டது என்று சொல்லத் துணியவில்லை. ஆனால் காட்டாமல் வைத்திருந்தபோது திருவாராதனத்தில் இருந்த ஒரு கூச்சம் இப்போது குறைந்திருக்கிறது.

அன்றுமுதல் சிறு வழக்கம் ஒன்றைக் கைக்கொண்டிருக்கிறோம். இரவு சயனிக்குமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் இடுகிறோம். அன்று யாரைப் பற்றியேனும் மனத்தில் கசப்பு எழுந்திருந்தால், அதில் கண்ணால் கண்டது எது, பிறர் சொன்னது எது, ஊகித்தது எது என்று பிரித்து எழுதுகிறோம். பெரும்பாலான நாள்களில் மூன்றாம் பத்தியே நிறைகிறது. மருமகள் மதிக்கவில்லை, அண்டை வீட்டார் வேண்டுமென்றே செய்தார் என்பவையெல்லாம் அங்கேதான் போய் விழுகின்றன. எழுதியபின், யாரிடமாவது ஒரு சொல் சொல்ல வேண்டியிருந்தால் அப்பெயரைக் கீழே குறித்துக்கொண்டு, மறுநாள் காலைத் தளிகை ஆவதற்குள் சொல்லிவிட முயல்கிறோம். பத்து நிமிடங்களுக்கு மேல் ஆவதில்லை. வங்கியில் கணக்கு நேராகாமல் கிளையைப் பூட்டியதில்லை. வீட்டில் மட்டும் நாளை நேர்செய்யாமலே எத்தனை ஆண்டுகள் கதவைப் பூட்டி உறங்கினோம்!

இது மலையைத் தூக்கும் செயலன்று. அணில் உதிர்த்த மணலளவுதான். அவ்வளவையும் நாள் தவறாமல் செய்ய முடிவதில்லை. தவறிய நாள்களும் அந்த நோட்டில் வெற்றிடமாகத் தெரிகின்றன. வாசிக்கும் பாகவதர்களில் எவருக்கேனும் இப்படிக் காட்டப்படாத கணக்கு ஒன்று இருக்குமானால், எதிர்த் தரப்பினர் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே போய்க் காட்டிவிட வேண்டும் என்பதே இச்சிறு விண்ணப்பம். குற்றங்குறை பொறுத்தருள்வது.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.