விதியும் பகடையும்

விதி என்ற சொல்லுக்கு நமது மொழியில் இரு பொருள்கள் உள. மனிதனுடைய கைக்கு அப்பாற்பட்டதெனக் கருதப்படும் ஊழ் ஒன்று. மனிதனே வகுத்துக்கொண்ட ஒழுங்கு மற்றொன்று. பரீட்சையிற் சித்தியடையாத பிள்ளையின் தாய் "எங்கட தலைவிதி" என்று கண்ணீர் வடிக்கின்றாள். அப்பரீட்சையை நடத்துவோரும் விதிகளின்படியே நடத்துகின்றனர். முதலாவது விதியைப் பற்றிப் புலம்பும் நாம், அதன் பின்னால் இரண்டாவது விதி மறைந்து நிற்பதைப் பெரும்பாலும் காண்பதில்லை. பெரிய நூல்களிலே தேடவேண்டிய இவ்வுண்மையை மிகச் சிறியதொரு பொருளின் மூலம் நாம் உணர நேர்ந்தது. அப்பொருள் விளையாட்டுப் பகடையாகும்.

மேசையைச் சுற்றியிருந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுக்களை இன்றைய மாணவர் பலர் அறிவர். அமெரிக்காவிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை விளையாட்டுக்களுக்கு வழிதிறந்தது. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாக நின்று தாம் செய்யப்போவதைச் சொல்வர். நடுவர் ஒருவர் உலகத்தின் சார்பிற் பேசுவார். செயலின் முடிவு ஐயத்துக்குரியதாகும்போது பகடை உருட்டப்படும். ஆயின், எந்த எண் விழுந்தால் என்ன நிகழும் என்பதைப் பகடை அறியாது. அதனை ஒருவர் முன்னரே வகுத்திருத்தல் வேண்டும்.

விடுமுறைக் காலமொன்றில் உயர்வகுப்பு மாணவர் சிலர் கடற்கரைக் கிராமமொன்றைக் களமாக வைத்து இத்தகைய விளையாட்டொன்றை அமைக்க முற்பட்டு, எளியதொரு பகடை விதியை வகுக்க நம்மையும் அழைத்தனர். ஒரு பகடை போதும், நான்கும் அதற்கு மேலும் விழுந்தால் வெற்றி என்பது முதல் யோசனை. ஆறில் மூன்று வாய்ப்பு. வெற்றியும் தோல்வியும் சரிபாதி. இதைவிட நீதியானது வேறென்ன இருக்கமுடியும் என்றே அனைவரும் எண்ணினோம். அப்போது கடற்றொழிலாளர் குடும்பத்து மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், கடலிலை வளர்ந்தவனுக்கும் பட்டணத்திலையிருந்து வந்தவனுக்கும் நீந்த ஒரே கணக்கோ?"

அக்கேள்விக்கு விடை தேடும்போதுதான் எண்களின் இயல்பை ஆராய வேண்டியதாயிற்று. ஒரு பகடையில் ஆறு எண்களும் சமவாய்ப்பு உடையன. இரு பகடைகளை உருட்டிக் கூட்டும்போது நிலை மாறிவிடுகின்றது. மொத்தம் 36 வகையாக அவை விழலாம். ஏழு என்னும் கூட்டுத்தொகை ஆறு வகையாற் கிடைக்கும். இரண்டும் பன்னிரண்டும் ஒவ்வொரு வகையாலேயே கிடைக்கும். ஓரங்கள் அரிது, நடு பெருவழக்கு. இத்தகைய கணக்குகளை ஆராயும் நிகழ்தகவுக் கணிதம் உருப்பெறுவதற்குப் பாஸ்கலும் பெர்மாவும் 1654இல் எழுதிக்கொண்ட கடிதங்கள் பெருந்துணை புரிந்தன. இடையில் நின்றுவிட்ட ஆட்டமொன்றின் பந்தயப் பணத்தை ஆடியோரிடையே எவ்வாறு நியாயமாகப் பங்கிடுவது என்பதே அவர்கள் ஆராய்ந்த கேள்வி. அக்கணிதத்தின் தொட்டிலருகே நீதி பற்றிய கேள்வியொன்று நின்றமை மனங்கொளத்தக்கது.

2010இல் வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் வெளியிட்ட 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' என்ற விளையாட்டிற் காணப்படும் முறை நமக்குப் பொருத்தமாகத் தோன்றியது. இரு பகடைகளின் கூட்டுத்தொகையோடு பாத்திரத்தின் திறனுக்குரிய எண்ணைச் சேர்க்க வேண்டும். பத்தும் அதற்கு மேலும் முழுவெற்றி. ஏழு முதல் ஒன்பது வரை விலை கொடுத்துப் பெறும் வெற்றி. ஆறும் அதற்குக் கீழும் தோல்வி. திறன் சேராதவனுக்கு 36இல் 15 வகை தோல்வி, 15 வகை விலையுள்ள வெற்றி, 6 வகை முழுவெற்றி. திறனாக ஒன்று சேர்ந்தவுடன் தோல்வி பத்தாகக் குறைகின்றது. முழுவெற்றி பத்தாக உயர்கின்றது. கடலிலே வளர்ந்தவனுடைய உழைப்பும் பயிற்சியும் இப்போது கணக்கில் ஏறிவிட்டன. அன்றியும், நடுவிலுள்ள பகுதி நமது சிந்தனையைக் கவர்ந்தது. படகு கரைசேரும், ஆனால் வலை போய்விடும். உழைக்கும் மக்களின் வாழ்க்கையை அறிந்தோர்க்கு இவ்வகை வெற்றியே மிகப் பழக்கமானது. விலையின்றிப் பெற்ற உரிமைகள் வரலாற்றில் எத்தனை?

அடுத்து எழுந்த வினா இன்னும் கூர்மையானது. பாத்திரம் எந்தத் திறனோடு பிறக்கின்றது? 1974ஆம் ஆண்டு விளையாட்டிற் பாத்திரத்தின் பலம், அறிவு முதலிய ஆறு பண்புகளும் மூன்று பகடைகளை உருட்டியே பெறப்பட்டன. 1977இல் வெளிவந்த 'டிராவலர்' என்னும் விளையாட்டிலோ கல்வியும் சமூக அந்தஸ்தும் கூட இரு பகடைகளால் நிச்சயிக்கப்பட்டன. இதைக் கேட்ட மாணவர் இரு பிரிவாயினர். உலகம் அப்படித்தான் இருக்கின்றது, ஆகவே அவ்வாறே அமைப்போம் என்றனர் ஒரு சாரார். மற்றச் சாரார் மறுத்தனர். பகடைக்கு முன் எல்லோரும் ஒரே எண்களைக் கொண்டு தொடங்குகின்றனர். காணிக்காரன் மகனும் கூலிக்காரன் மகனும் அப்படியா பள்ளிக்கூடம் வருகின்றனர் என்பது அவர்களது வாதம். வாதிற் பிந்தியோரே வென்றனர் என்பது நமது கருத்து. நிலமும் சாதியும் பரம்பரைச் செல்வமும் செய்யும் பங்கீட்டைத் தற்செயல் என்று சொல்வது பகடைக்குச் செய்யும் அவதூறாகும்.

குலுக்கல் முறை மட்டும் சமத்துவத்தைத் தந்துவிடாது என்பதற்குத் தமிழர் வரலாற்றிலேயே சான்றுண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள் (919, 921) குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்த அம்முறையைக் குடியாட்சியின் சிகரமெனப் போற்றுவோர் பலர். குடத்துக்குள்ளே ஓலைகள் சமமானவையே. ஆனால், இறைநிலமும் வேதக் கல்வியும் உடையவர்களது பெயர்களே அக்குடத்துள் இடம்பெற்றன. உழுதவன் பெயருக்கு அங்கு ஓலையில்லை. குலுக்கலின் நேர்மையை வியப்பதற்கு முன் குடத்துள் யார் பெயர் இருந்தது என்று கேட்பதே வரலாற்று மாணவன் கடன்.

அவ்வாறாயின் பகடையை ஒழித்துவிட்டு, அறிவும் அனுபவமும் உள்ள நடுவரிடமே முடிவை விட்டுவிடலாமே என்று சிலர் கூறக்கூடும். பிரஷ்ய இராணுவத்திலே இது நிகழ்ந்ததுண்டு. அதிகாரிகளைப் பயிற்றுவதற்காக ரைஸ்விட்ஸ் 1824இல் வகுத்த போர்விளையாட்டில் இழப்புக்களைப் பகடையும் அட்டவணையும் நிர்ணயித்தன. அவ்விதிகள் பெருஞ்சுமையாகிவிட்டன என்று கண்ட வெர்டி து வெர்னுவா, 1876இல் நடுவரின் தீர்ப்புக்கே முதன்மை கொடுத்தார். விரைவும் எளிமையும் கிடைத்தன. ஆயின் ஓர் அதிகாரியின் கருத்தே களத்தின் நியதியாகிவிடும் அபாயமும் அதனுள் அடங்கியிருந்தது.

இவ்வபாயத்தை நாம் நம்மிடமே கண்டோம். நடுவராயிருந்த நாம் பகடையைக் கொப்பி ஒன்றின் மறைவில் உருட்டுவது வழக்கம். வகுப்பிலே அடிக்கடி பின்தங்கும் மாணவன் ஒருவன் ஒருநாள் ஆட்டத்திலும் தோற்றான். இங்காவது அவன் வெல்லட்டும் என்ற இரக்கத்தால், விழுந்த ஐந்தை ஒன்பதென்று சொன்னோம். அவன் நமது முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். ஆட்டம் முடிந்தபின் தனியே வந்து சொன்னான்: "தோத்தாலும் பறுவாயில்லை, சேர். எல்லாருக்கும் தெரியப் போடுங்கோ."

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நாம் செய்தது உதவி என்றே எண்ணியிருந்தோம். ஆனால், நமது கருணையைப் பெறுபவனாக அவனை ஆக்கிவிட்டு, தானே ஆடி வெல்லவும் தோற்கவும் அவனுக்கிருந்த உரிமையை எடுத்துக்கொண்டோம். இன்று இரக்கத்தால் எண்ணை மாற்றிய கை நாளை வெறுப்பால் மாற்றாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? எல்லோருடைய கண்முன் விழும் பகடை, அதிகாரத்தில் உள்ளவனுடைய விருப்பு வெறுப்புக்கு ஒரு கடிவாளமாகும். மறைவில் விழும் பகடையோ அவனது விருப்பத்துக்கே விதியென்னும் முகமூடியை அணிவிக்கின்றது.

பாரதக் கதையின் சூதாட்டத்தையும் இவ்வொளியில் நோக்கலாம். சகுனியின் பகடையைச் சபிப்பதோடு நாம் நின்றுவிடுகின்றோம். பகடை நேர்மையாகவே விழுந்திருந்தாலும் அந்த அவையிலே நடந்தது அநீதியே. ஒரு பெண்ணைப் பணயமாக வைக்கலாம் என்ற விதியை ஏற்றுக்கொண்டு, பெரியோர் பலர் வாளாவிருந்தனர். 1912இல் 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பாகத்தை வெளியிட்ட பாரதி அக்கதையைத் தேர்ந்தமை தற்செயலன்று. அடிமைப்பட்ட நாடொன்றின் கவிஞனுக்கு, கேட்காமலே பணயம் வைக்கப்பட்டவளின் கேள்வி தன் மக்களின் கேள்வியாகவும் ஒலித்தது.

எனவே, எளியதொரு பகடை விதியை வகுப்பவன் சில அறக்கேள்விகளுக்கு விடைகூற வேண்டியவனாகின்றான். உழைப்பாலும் அறிவாலும் முடிவாகக்கூடியவற்றைத் தற்செயலிடம் ஒப்படைக்கின்றேனா? வாய்ப்பின் அளவை ஆடுவோர் முன்கூட்டியே அறிவரா? ஒருமுறை தோற்றவன் ஆட்டத்தை விட்டே துரத்தப்படுகின்றானா, அன்றி வேறு வழி அவனுக்குத் திறந்திருக்கின்றதா? நமது மாணவர் தமது சிறு விளையாட்டுக்கு இறுதியாக எழுதிய விதிகள் ஒரு பக்கத்துக்குள் அடங்கின. பிறப்பினாற் கிடைக்கும் திறன் அனைவர்க்கும் ஒரே தொகை. அதனை எதில் இடுவதென்பது அவரவர் தெரிவு. பகடையை நடுவர் உட்பட யாவரும் மேசையின் நடுவிலேயே உருட்ட வேண்டும். விதியொன்று அநீதியெனத் தோன்றினால் ஆட்டத்தை நிறுத்தி, எல்லோரும் கூடி அதனை மாற்றலாம்.

இறுதி விதியை முன்மொழிந்தவன், நாம் பொய்யெண் சொல்லிக் காப்பாற்ற முயன்ற அதே மாணவன். அவனது தாயும் ஒருநாள் தலைவிதி என்று நம்முன் அழக்கூடும். அப்போது அவளுக்கு ஆறுதல் கூறுவதோடு ஆசிரியராகிய நமது கடமை முடிந்துவிடாது. அந்த விதியை எழுதியவர் யார், எப்போது எழுதினர், அதனை மாற்றி எழுத யார் யார் கூடவேண்டும் என்று அவளோடிருந்து கேட்பதும் நமது கடமையே.